நடுவயதில் செவிலியம்: ஒரு தொழிலின் வயது வரம்பு வந்த வழி

செவிலியம் இளம்பெண்களின் தொழில் என்ற எண்ணம் 160 ஆண்டுப் பழமை மட்டுமே உடையது. அதற்கு முந்தைய நெடுங்காலம் முழுவதும், பிள்ளை பெற்று வளர்த்து, வீட்டில் நோயையும் சாவையும் பார்த்துப் பழகிய நடுவயதுப் பெண்களைத்தான் ஊரார் உடம்புக்கு முடியாத நேரத்தில் கூப்பிட்டனுப்பினார்கள். பதினேழு, பதினெட்டு வயதில் பள்ளியிலிருந்து நேரே விடுதிக்கு வந்து, வெள்ளைச் சீருடை அணிந்து, மூன்றாண்டு படித்துத் தேறும் பெண் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மருத்துவமனைகள் உருவாக்கிய ஆள். முப்பத்தைந்துக்கு மேல் இந்தத் தொழிலுக்குள் நுழைபவரைக் காலம் கடந்து வந்தவர் என்று சொல்வது இன்றைய வழக்கம். வரலாற்றைப் பார்த்தால் அவரே இந்தத் தொழிலின் பழங்குடி.

தமிழ்நாட்டுக் கிராமத்து மருத்துவச்சி இதற்கு நல்ல சான்று. பெரும்பாலான ஊர்களில் அவர் மருத்துவர் சமூகத்தைச் சேர்ந்தவர். அக்குடும்பத்து ஆண்கள் முடிதிருத்தலோடு புண்ணுக்கும் கட்டிக்கும் பண்டுவம் பார்த்தார்கள். பெண்கள் பேறு பார்த்தார்கள். வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள் மாமியாருக்குத் துணையாகப் போய்வருவாள். வெந்நீர் வைப்பதும் துணி எடுத்துக் கொடுப்பதும் அவள் வேலை. அவளே இரண்டு மூன்று பெற்று, அந்தப் பிள்ளைகள் தலையெடுத்த பிறகுதான் ஒரு பிரசவத்தை அவள் கையில் நம்பிக் கொடுப்பார்கள். நடுராத்திரியில் ஆள் வந்து கதவைத் தட்டினால் அப்படியே கிளம்ப வேண்டிய வேலை அது, கைக்குழந்தைக்காரியால் ஆகாது. கல்யாணமாகாத பெண் பேறு பார்ப்பது நினைத்துப் பார்க்கவே முடியாத காரியம். நெல்லும் சேலையும் வெற்றிலை பாக்கும் கூலி. இந்தத் தொழிலில் வயதுதான் முதல் தகுதி, தன் பிரசவத்தின் அனுபவம் இரண்டாவது தகுதி, கைப்பழக்கம் மூன்றாவது.

ஐரோப்பாவிலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. கிறித்தவத்தின் தொடக்கக் காலச் சபைகள் விதவைகளின் பட்டியல் ஒன்றை வைத்திருந்தன. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபம் அதில் சேர 60 வயதாகியிருக்க வேண்டும் என்கிறது. பிள்ளைகளை வளர்த்ததும் துன்பத்தில் இருப்போருக்கு உதவியதும் அந்தப் பட்டியலில் இடம்பெறத் தேவையான சான்றுகள். பாரிஸ் நகரில் 1633இல் வின்சென்ட் தெ பாலுடன் சேர்ந்து ஏழை நோயாளிகளுக்கான பெண் தொண்டர் அமைப்பைத் தொடங்கிய லூயிஸ் தெ மரியாக் அப்போது 42 வயது விதவை. ஒரு மகனை வளர்த்தவர். லண்டனில் 1665இல் கொள்ளைநோய் பரவியபோது, அடைக்கப்பட்ட வீடுகளுக்குள் நோயாளிகளோடு இருந்து பார்த்துக்கொள்ளத் திருச்சபை வட்டங்கள் அமர்த்தியவர்கள், ஏற்கெனவே வட்டத்தின் உதவிப்பணத்தில் வாழ்ந்துவந்த வயதான ஏழை விதவைகள். கொள்ளைநோய் வீட்டுக்குள் போக வேறு யாரும் முன்வராததால் அந்த வேலை அவர்கள் தலையில் விழுந்தது. அவர்களின் பெயர்கள் கணக்கேடுகளில் கூலித் தொகையோடு மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

முறையான பயிற்சி என்ற ஏற்பாடு உருவான முதல் இடங்களில் ஒன்று ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையிலுள்ள கைசர்ஸ்வெர்த். பாதிரியார் தியோடர் ஃபிளீட்னரும் மனைவி ஃபிரீடரிக்கேயும் 1836இல் அங்கே தொடங்கிய நிறுவனத்தில் சேர்ந்த முதல் தொண்டர் கெர்ட்ரூட் ரைக்கார்ட், ஒரு மருத்துவரின் மகள். தந்தைக்குத் துணையாக நோயாளிகளைப் பார்த்துப் பழகியவர். சேரும்போது அவருக்கு 48 வயது. நவீன செவிலியப் பயிற்சியின் வரலாற்றில் முதல் வரிசையில் நிற்கும் பெயர் ஒரு நடுவயதுப் பெண்ணுடையது என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் கடந்துபோய்விடுகின்றன. அதே கைசர்ஸ்வெர்த்துக்கு 1851இல் மூன்று மாதம் பயில வந்த ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலுக்கும் வயது 31. குடும்பத்தின் எதிர்ப்பால் அவருடைய இருபதுகள் முழுவதும் கழிந்துபோயிருந்தன. நிர்வாகப் பொறுப்பு ஒன்றை அவர் முதலில் ஏற்றது 1853இல், 33ஆம் வயதில்.

அந்தக் காலத்து லண்டன் மருத்துவமனைகளில் வார்டு வேலை பார்த்தவர்களில் பலர் கணவனை இழந்தோ வீட்டுவேலையை விட்டோ வந்தவர்கள். படிப்பு இல்லை, சம்பளம் சொற்பம், தூங்க வார்டை ஒட்டிய ஒரு மூலை. சார்லஸ் டிக்கன்ஸ் 1843–44இல் தொடராக எழுதிய 'மார்ட்டின் சஸ்ஸில்விட்' நாவலின் சாரா கேம்ப், குடித்துவிட்டு நோயாளியை மறக்கும் தடித்த கிழவி, படிக்கும் மக்களின் மனத்தில் செவிலியின் உருவமாகப் பதிந்துவிட்டாள். குடியும் அலட்சியமும் இருந்தது உண்மை. அதே வார்டுகளில் இருபது ஆண்டு நின்று, படுக்கைப்புண் வராமல் நோயாளியைப் புரட்டிப் போடத் தெரிந்த பெண்கள் இருந்ததும் உண்மை. சீர்திருத்தம் வேண்டும் என்று பேசியவர்கள் அவ்விருவரையும் பிரித்துப் பார்க்கவில்லை. பழைய செவிலி என்றாலே வயதானவள், குடிகாரி, படிக்காதவள் என்று மூன்றும் ஒன்றாகக் கட்டப்பட்டு, மூன்றும் ஒன்றாகவே வெளியே எறியப்பட்டன.

கிரிமியப் போர் இந்த மாற்றத்தின் வாசல். 1854 நவம்பரில் நைட்டிங்கேல் 38 பெண்களோடு துருக்கியின் ஸ்குடாரி ராணுவ மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். அதே போருக்குப் போனவர்களில் இருவரின் வயது கவனத்துக்குரியது. வேல்ஸ் நாட்டின் பாலா அருகே 1789இல் பிறந்த பெட்சி கட்வலாடர் வாழ்நாளில் பெரும்பகுதியை வீட்டுப் பணிப்பெண்ணாகவும் கப்பலில் உடன்செல்லும் பணியாளாகவும் கழித்தவர். கிரிமியாவுக்குக் கிளம்பும்போது அவருக்கு 65 வயது. ஸ்குடாரியில் நைட்டிங்கேலோடு ஒத்துப்போகாமல் போர்முனைக்கு அருகிலுள்ள பலக்லாவாவுக்குப் போய், காயம்பட்டவர்களைப் பார்த்ததோடு மருத்துவமனைச் சமையலையும் நடத்தினார். வட வேல்ஸின் பொதுச் சுகாதார அமைப்பு இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1805இல் பிறந்த மேரி சீக்கோல் தாயிடம் கைவைத்தியம் கற்றவர். காலராவும் மஞ்சள் காய்ச்சலும் பரவிய இடங்களில் நோயாளிகளைப் பார்த்த அனுபவம் உள்ள விதவை. லண்டனில் அவரை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. நிறமே காரணம் என்று அவர் நம்பினார். ஐம்பதை நெருங்கிய வயதில் சொந்தப் பணத்தில் கப்பலேறி, 1855இல் பலக்லாவா அருகே விடுதி ஒன்றைக் கட்டி, அங்கிருந்து போர்க்களத்துக்குப் போய் மருந்து கட்டினார்.

1860 ஜூனில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பள்ளி 15 பயிற்சி மாணவியரோடு தொடங்கியது. போரின்போது மக்கள் கொடுத்த சுமார் 45,000 பவுண்டு நிதி அதன் முதல். ஓராண்டுப் பயிற்சி, தங்க இடம், சாப்பாடு, சீருடை, கையில் 10 பவுண்டு. விரும்பத்தக்க வயது 25 முதல் 35 வரை என்று விதிமுறையில் எழுதப்பட்டது. இன்று தாராளமாகத் தோன்றும் இந்த எண்கள் அன்றைக்குப் பெரிய மாற்றம். முப்பத்தைந்துக்கு மேல் கதவு எழுத்து விதியாலேயே அடைக்கப்பட்டது.

ஏன் 35? அறிவோ கைத்திறனோ காரணமாகச் சொல்லப்படவில்லை. காரணம் பள்ளியின் அமைப்பிலேயே இருந்தது. மாணவியர் மருத்துவமனைக்குள்ளேயே ஒரு கண்காணிப்பு இல்லத்தில் தங்கினார்கள். ஒவ்வொருவரின் நேரந்தவறாமை, தூய்மை, நம்பகம், நடத்தை ஆகியவற்றுக்கு மாதந்தோறும் ஏட்டில் மதிப்பெண் விழுந்தது. பயிற்சி முடிந்ததும் நிதியம் அனுப்பும் மருத்துவமனையில் சில ஆண்டு வேலை பார்க்க ஒப்பந்தம் உண்டு. வீடு, கணவன், பிள்ளை என்ற பொறுப்பு உள்ளவர் இந்த ஏற்பாட்டுக்குள் அடங்க முடியாது. செலவழித்த ஓராண்டுக்கு ஈடாகப் பத்திருபது ஆண்டு உழைப்பு திரும்பக் கிடைக்க வேண்டும் என்ற கணக்கும் இருந்தது. வயது வரம்பு என்று எழுதப்பட்டது உண்மையில் விடுதி விதி. இந்தத் தொழிலின் பிற்கால வரலாறு முழுவதற்கும் இதுவே திறவுகோல்.

அந்தப் பள்ளியை நடத்தியவரின் கதை இதன் அருகில் வைத்துப் படிக்கத்தக்கது. நைட்டிங்கேல் உடல்நலமின்றி அறையை விட்டு வெளியே வராமல் கடிதங்களால் வழிநடத்தினார். அன்றாடப் பொறுப்பு முழுவதும் மேட்ரன் சாரா வார்ட்ரோப்பர் கையில் இருந்தது. ஒரு மருத்துவரின் மனைவியான அவர், நாற்பதைக் கடந்த வயதில், சிறு பிள்ளைகளோடு விதவையானவர். எந்தச் செவிலியப் பள்ளியிலும் பயின்றதில்லை. வார்டில் நின்றே வேலை கற்று, 1854இல் மேட்ரன் ஆகி, 1887 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். உலகெங்கும் போய்ச் செவிலியப் பள்ளிகளைத் தொடங்கிய முதல் தலைமுறையை உருவாக்கியது அவர் கை. தான் நடத்திய பள்ளியின் வயது விதிப்படி அவரே அதில் சேர்ந்திருக்க முடியாது.

அட்லாண்டிக்கின் மறுகரையில், அதே பத்தாண்டில், விதி நேர்மாறாக இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861 ஜூனில் வடதரப்பு ராணுவத்தின் பெண் செவிலியர் கண்காணிப்பாளராக டொரோத்தியா டிக்ஸ் நியமிக்கப்பட்டார். மனநோயாளிகளுக்கான மருத்துவமனைகளுக்காக இருபது ஆண்டு போராடிய அவருக்கு அப்போது 59 வயது. 1862 ஜூலையில் அவர் வெளியிட்ட சுற்றறிக்கை, 35 வயதுக்குக் கீழும் 50 வயதுக்கு மேலும் உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை என்றது. பக்குவமும் அனுபவமும் உள்ள குடும்பப் பெண்களுக்கு முன்னுரிமை. உடை பழுப்பு, சாம்பல், கறுப்பு நிறங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். நகை, ரிப்பன், வளையம் வைத்த பாவாடை எதுவும் கூடாது. சம்பளம் நாளுக்கு 40 சென்டும் உணவும். ஆயிரக்கணக்கான இளம் சிப்பாய்கள் நடுவே அழகான இளம்பெண்கள் வந்தால் வம்பு வளரும், ராணுவ மருத்துவர்கள் திட்டத்தையே கவிழ்த்துவிடுவார்கள் என்பது டிக்ஸின் கவலை. பாசறைக்குப் பெண்கள் வருவதையே எதிர்த்த மருத்துவர்களுக்கு அவர் கொடுத்த உத்தரவாதம் அந்த வயது வரம்பு. போர் நீளநீள ஆள் பற்றாக்குறையால் விதி தளர்ந்தது. 1863 அக்டோபரில் ராணுவத் தலைமை மருத்துவருக்கும் செவிலியரை நியமிக்கும் உரிமை கொடுக்கப்பட, டிக்ஸின் பிடி இளகியது.

டிக்ஸின் பட்டியலுக்கு வெளியே இருந்துகொண்டே அந்தப் போரில் பெரும்பெயர் எடுத்தவர் மேரி ஆன் பிக்கர்டைக். இல்லினாய் மாநிலத்தின் கேல்ஸ்பர்க்கில் மூலிகை மருத்துவம் பார்த்துப் பிள்ளைகளைக் காப்பாற்றிவந்த விதவை. 1861இல் 44 வயது. அதே மாநிலத்தின் கெய்ரோ நகரப் பாசறை மருத்துவமனைகளின் கேடுகெட்ட நிலைபற்றிய கடிதம் ஒன்று தேவாலயத்தில் வாசிக்கப்பட்டது. சபையார் திரட்டிய மருந்தையும் உணவையும் கொண்டுபோய்ச் சேர்க்க அவரை அனுப்பினார்கள். போனவர் திரும்பவில்லை. நோயாளிகளைக் குளிப்பாட்டினார், வைக்கோல் படுக்கைகளைக் கொளுத்தினார், துணி வெளுக்கும் பெரிய கொப்பரைகளை வைத்துப் படைக்குப் பின்னாலேயே போனார். பத்தொன்பது போர்க்களங்களில் அவர் பணிபுரிந்ததாகக் கணக்கு. சிப்பாய்கள் அவரை அம்மா என்றே கூப்பிட்டார்கள். தளபதிகளிடம் நேருக்கு நேர் பேசி வேண்டியதை வாங்கிக்கொள்ளும் துணிச்சல் இருபது வயதுப் பெண்ணுக்கு வாய்த்திருக்குமா என்பது ஐயமே. போர் முடிந்து இருபது ஆண்டுக்கு மேல் கழித்து, 1886இல், அமெரிக்க நாடாளுமன்றம் அவருக்கு மாதம் 25 டாலர் ஓய்வூதியம் ஒதுக்கியது. இத்தனை தாமதம் அந்த நாட்டுக்குப் பெருமை சேர்ப்பதன்று.

போரில் தேறிய நடுவயதுப் பெண்களை அமைதிக்கால மருத்துவமனைகள் அழைக்கவில்லை. 1873இல் நியூயார்க்கின் பெல்வியூ, நியூ ஹேவன், பாஸ்டன் ஆகிய மூன்று இடங்களில் நைட்டிங்கேல் வழியில் பள்ளிகள் தொடங்கின. விடுதியும் வயது வரம்பும் அவற்றோடு வந்தன. மருத்துவமனைகள் விரைவில் ஒரு பொருளாதார உண்மையைக் கண்டுகொண்டன. பள்ளி நடத்தினால் சம்பளச் செலவு இல்லாமலேயே வார்டு வேலை நடந்துவிடும். மாணவியர் நாளுக்குப் பன்னிரண்டு மணிநேரமும் அதற்கு மேலும் உழைத்தார்கள். பாடம் மிச்சமிருந்த நேரத்தில், இரவில் நடந்தது. தேறியதும் அவர்களை வெளியே அனுப்பிவிட்டு அடுத்த அணியை எடுத்துக்கொள்வார்கள். இந்த ஏற்பாட்டுக்கு வேண்டியது திடகாத்திரமும் கீழ்ப்படிதலும் கொண்ட, வீட்டுப் பொறுப்பில்லாத இளம்பெண். சிலர் மட்டும் பின்வாசல் வழியாக நுழைந்தார்கள். பாஸ்டனில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மருத்துவமனை ஒன்றில் சமையல், துணி வெளுத்தல், தரை துடைத்தல் என்று பல ஆண்டு வேலை பார்த்த மேரி எலிசா மஹோனி, முப்பதைக் கடந்த பிறகு, 1878இல் அதே இடத்தின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு தேறி, அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பயிற்சி பெற்ற செவிலியர் ஆனார். அவரோடு சேர்ந்தவர்களில் மிகச் சிலரே அந்தக் கடும்பயிற்சியை முடித்தார்கள்.

20ஆம் நூற்றாண்டு பிறந்தபோது வரம்பின் கீழ்முனையும் இறங்கத் தொடங்கியது. அலுவலகமும் ஆசிரியப் பணியும் படித்த பெண்களை இழுத்துக்கொள்ள, மருத்துவமனைகள் 21 வயதுக்காகக் காத்திராமல் 18 வயதிலேயே ஆளெடுத்தன. கல்யாணமானால் வேலையை விட வேண்டும் என்ற வழக்கமும் எங்கும் நிலைத்தது. பிரிட்டனில் 1919ஆம் ஆண்டின் செவிலியர் பதிவுச் சட்டம், ஏற்கெனவே தொழிலில் இருந்தவர்களை அனுபவத்தின் பேரில் பதிவேட்டில் சேர்க்கச் சில ஆண்டு அவகாசம் தந்தது. அது முடிந்தபின் பள்ளி வழியாக வந்தவருக்கு மட்டுமே பதிவேட்டில் இடம். வீட்டில் நோயாளியைப் பார்த்துத் தேறி, நாற்பதில் தொழிலுக்கு வரும் பழைய பாதை சட்டப்படி மூடப்பட்டது இப்படித்தான்.

இந்தியாவுக்கு இந்த முறை மெட்ராஸ் வழியாகவே முதலில் வந்தது. 1854இல் மெட்ராஸ் பிரசவ மருத்துவமனையில் தாதிகளுக்கான பயிற்சிப் பள்ளிக்கு அரசு அனுமதி தந்தது. 1871இல் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி நான்கு மாணவியரோடு தொடங்கியது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலோ இந்தியர், பிறகு இந்தியக் கிறித்தவர். சாதி இந்துக் குடும்பங்கள் அண்டவில்லை. முன்பின் தெரியாதவர் உடம்பைத் தொடுவது, மலமூத்திரம் எடுப்பது, ஆண்கள் வார்டில் இராப்பணி செய்வது ஆகிய மூன்றும் மானக்கேடு என்று எண்ணப்பட்டன. வேலூரில் ஐடா ஸ்கட்டரின் மருத்துவமனையில் 1909இல் தொடங்கிய செவிலியப் பள்ளியும் மிஷன் பள்ளிகளில் படித்த கிறித்தவப் பெண்களை நம்பித்தான் வளர்ந்தது.

பெண்விடுதலை இயக்கத்தார் செவிலியத்தை வேறு கண்ணால் பார்த்தார்கள். அவர்களுக்குத் தொழிலைவிட, பிழைக்க வழியின்றி உறவினர் வீட்டு அடுப்படியில் கிடந்த விதவைகள்தான் முதற்கவலை. கணவர் 1901இல் இறந்தபோது நாற்பதை நெருங்கியிருந்த ராமாபாய் ரானடே, புனேயில் 1909இல் உருவான சேவா சதனுக்குத் தலைமையேற்று, விதவைகளைச் சசூன் மருத்துவமனையில் செவிலியம் பயில அனுப்பினார். அந்தப் பெண்களோடு ஊர்ப்பேச்சையும் அவர் தாங்கினார். மெட்ராஸில் பதினொரு வயதில் விதவையான சகோதரி சுப்புலட்சுமி 1911இல் பட்டம் பெற்று, பின்னர் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் பிராமண விதவைகளுக்கான விடுதியை நடத்தினார். அங்கு வந்தவர்கள் பெரும்பாலும் சிறுமியர். ஏறிய வயதில் வந்தவர்களுக்குத் தனி ஏற்பாடு தேவைப்பட, 1927இல் சாரதா வித்யாலயம் பிறந்தது. முப்பது வயது விதவைக்கு முன் நின்ற முதல் சுவர் எழுத்தறிவு. 1931 கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் எழுதப்படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு மூவர் அளவே. வயது வரம்பைத் தளர்த்தியிருந்தாலும் பள்ளிச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே போக முடியாது.

1926இல் மெட்ராஸ் செவிலியர், தாதியர் சட்டம் வந்தது. பதிவேடு, தேர்வு, அங்கீகரிக்கப்பட்ட பள்ளி என்று தொழிலுக்கு ஒழுங்கு பிறந்தது. பிரசவத்தில் சாகும் தாய்மாருக்கு அது நன்மையே. ஆனால் கிராமத்து மருத்துவச்சி அந்த ஏட்டுக்கு வெளியே நின்றார். அவருக்குக் கைகழுவுதலும் கொப்பூழ்க் கொடியைச் சுத்தமாக அறுப்பதும் கற்றுத்தரும் குறும்பயிற்சிகள் நடந்தன; கர்சன் பிரபுவின் மனைவி தொடங்கிய விக்டோரியா நினைவு நிதி அந்த வகையில் முந்தியது. அந்தப் பயிற்சி அவரைச் செவிலியர் ஆக்கவில்லை. ஒரு தலைமுறையின் அறிவைப் பதிவேட்டுக்குள் கொண்டுவர ஒரு பாலம் கட்டியிருக்கலாம், யாரும் கட்டவில்லை. நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழுவின் அறிக்கை 1946இல் வந்தபோது பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் சுமார் 7,000 செவிலியரும் 5,000 தாதியரும் இருந்தார்கள். அதாவது 43,000 பேருக்கு ஒரு செவிலியர்.

விடுதலைக்குப் பின் இந்தச் சுவரில் ஒரு சாளரம் திறந்தவர் துர்காபாய் தேஷ்முக். மத்திய சமூக நல வாரியத்தின் முதல் தலைவரான அவர் காலத்தில், 1958இல், படிப்பை இடையில் விட்ட வயதுவந்த பெண்களுக்கான சுருக்கப் படிப்புத் திட்டம் தொடங்கியது. பல ஆண்டுப் பாடத்தை ஈராண்டில் படித்துத் தேர்வெழுதி, பிறகு தாதி, செவிலி, கிராம சேவகி முதலான பயிற்சிகளில் சேரலாம். துணைச் செவிலியர் பயிற்சியும் அதற்குச் சற்றுமுன், பஞ்சாபின் தரன் தாரனில் 1951இல் தொடங்கியிருந்தது. கணவனை இழந்தவரும் கைவிடப்பட்டவரும் குழந்தையோடு படிக்க வந்தார்கள். உள்ளே வந்தபின் முப்பது வயதில் பத்தொன்பது வயதுப் பெண்களோடு விடுதி அறையைப் பகிர்ந்துகொண்டு, பிள்ளையைத் தாய்வீட்டில் விட்டுவிட்டுப் படித்தவர்களின் பாடு எந்த அரசு அறிக்கையிலும் இல்லை.

மேற்கில் கதவை உண்மையிலேயே திறந்தது இரண்டாம் உலகப் போரின் ஆள் பற்றாக்குறை. பிரிட்டனில் 1943ஆம் ஆண்டுச் சட்டம் துணைச் செவிலியருக்குத் தனிப் பதிவேடு ஒன்றை ஏற்படுத்தி, பல ஆண்டு அனுபவம் இருந்தும் சான்றிதழ் இல்லாதவர்களை ஏற்றுக்கொண்டது. 1948இல் தேசியச் சுகாதாரச் சேவை பிறந்தபோது கல்யாணமான பெண்களைப் பகுதிநேர வேலைக்கு அழைக்க வேண்டியதாயிற்று; அதோடு திருமணத் தடை சரிந்தது.

அமெரிக்காவில் நடந்த மாற்றம் இன்னும் ஆழமானது. மில்ட்ரெட் மான்டேக் என்ற செவிலியப் பேராசிரியர் 1951இல் வெளியிட்ட தம் ஆய்வில், பயிற்சியை மருத்துவமனையிலிருந்து எடுத்து உள்ளூர் ஈராண்டுக் கல்லூரிகளில் வைக்கலாம் என்றார். 1952இல் ஏழு கல்லூரிகளிலும் ஒரு மருத்துவமனையிலும் ஐந்தாண்டுச் சோதனை தொடங்கியது. மாணவர்கள் பகலில் வகுப்புக்கும் வார்டுக்கும் போய்விட்டு மாலையில் வீடு திரும்பினார்கள். அவ்வளவுதான் மாற்றம், அதன் விளைவோ பெரிது. விடுதி விலகியதும் வயதும் விலகியது. கல்யாணமானவர்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்த தாய்மார், ஆண்கள் என்று அதுவரை உள்ளே வராத எல்லோரும் வந்து தேர்வில் தேறினார்கள். நைட்டிங்கேல் பள்ளியின் வயது வரம்பு விடுதியின் நிழல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை வேண்டியதில்லை. 1971இல் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் வேறு பட்டம் பெற்றவர்களுக்கான விரைவுச் செவிலியப் படிப்பைத் தொடங்கியது. ஆசிரியராகவோ கணக்கராகவோ பாதி வாழ்க்கை கழித்தவருக்கு அது நேர்வழி. 1975ஆம் ஆண்டின் வயதுப் பாகுபாடு தடைச் சட்டம், அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்கள் வயதைக் காட்டி ஒருவரைத் தள்ளுவதையும் கட்டுப்படுத்தியது.

பிரிட்டன் அந்த இடத்துக்கு 1989இல்தான் வந்தது. 'புராஜெக்ட் 2000' என்ற சீர்திருத்தம் மாணவரை வார்டின் ஆள்கணக்கிலிருந்து விடுவித்து உயர்கல்விக்குள் கொண்டுவந்தது. பள்ளிச் சான்றிதழ் இல்லாத பெரியவர்களுக்கான நுழைவுப் படிப்புகளும் உதவித்தொகையும் சேர்ந்து, முப்பது நாற்பது வயதினரைப் பெருந்தொகையாக இழுத்தன. நோயாளியைக் கையால் தூக்கும் வழக்கத்தை 1992ஆம் ஆண்டின் விதிமுறைகள் கட்டுப்படுத்த, தூக்குக் கருவிகள் வார்டுகளுக்கு வந்தன. நடுவயது முதுகு தாங்காது என்ற பழைய வாதம் பாதி வலுவிழந்தது. தடை பணத்தின் உருவில் திரும்பி வந்தது. இங்கிலாந்தில் 2017இல் உதவித்தொகை நிறுத்தப்பட்டு மாணவர் கடன் புகுத்தப்பட்டபோது, அந்நாட்டிலிருந்து செவிலியப் படிப்புக்கு விண்ணப்பித்தவர்கள் 23 விழுக்காடு குறைந்தார்கள்; குடும்பப் பாரம் உள்ள பெரியவர்களிடையே சரிவு கடுமை. 2020இல் ஆண்டுக்கு 5,000 பவுண்டு மானியம் மீண்டும் வந்தது.

பிலிப்பைன்ஸில் நடுவயது நுழைவு வேறொரு காரணத்தால் பெருகியது. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான மருத்துவர்கள், பலர் பல்லாண்டு தொழில் நடத்தியவர்கள், மீண்டும் மாணவராகிச் செவிலியம் படித்தார்கள். அமெரிக்காவுக்குச் செவிலியராகப் போனால் கிடைக்கும் சம்பளம் உள்நாட்டு மருத்துவர் சம்பளத்தைவிடப் பலமடங்கு. மாகாண மருத்துவமனைகள் மருத்துவரின்றித் தவித்தன. அந்த நாடு கொடுத்த விலை அது.

இந்தியாவில் விடுதிக்கால விதிகள் நெடுநாள் நின்றன. ராணுவச் செவிலியர் பிரிவில் கல்யாணம் செய்துகொண்டதற்காகவே பணிநீக்கும் 1977ஆம் ஆண்டு விதி 1995 வரை நடப்பில் இருந்தது. அதன்படி 1988இல் வெளியேற்றப்பட்ட பெண் அதிகாரி ஒருவருக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. இந்தியச் செவிலியர் கவுன்சிலின் விதிப்படி பொதுச் செவிலியம், தாதியம் பட்டயப் படிப்புக்கு வயது 17 முதல் 35 வரை. 1860இல் லண்டனில் எழுதப்பட்ட மேல்வரம்பு அப்படியே நிற்கிறது. 2005இல் தேசிய ஊரகச் சுகாதார இயக்கம் கிராமங்களுக்கு ஆஷா பணியாளர்களைத் தேர்ந்தெடுத்தபோது வைத்த தகுதியோ அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்ட, விதவையான அல்லது மணவிலக்குப் பெற்ற, 25 முதல் 45 வயதுக்குட்பட்ட பெண். பிரசவத்துக்குக் கர்ப்பிணியை அழைத்துப்போகவும் பச்சைக்குழந்தையைப் பார்த்துவரவும் ஊர் நம்புவது அந்த வயதைத்தான் என்று திட்டம் வகுத்தவர்கள் சரியாகவே கணித்தார்கள். ஆஷா பணியாளர்களுக்குத் துணைச் செவிலியர் பயிற்சியில் சில மாநிலங்கள் இடம் ஒதுக்குகின்றன. தமிழ்நாட்டில் அங்கன்வாடிப் பணியாளர்கள் அந்தப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் உண்டு.

துணைச் செவிலியராகத் தேறுபவர் தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியராகத் துணைச் சுகாதார நிலையத்தில் அமர்கிறார். ஒரு நிலையத்துக்குச் சமவெளியில் 5,000 பேர், மலைப்பகுதியில் 3,000 பேர் என்பது கணக்கு. தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, வீடுவீடாகப் போய்ப் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அங்கே சில ஆண்டு இருந்துவிட்டுப் பட்டயப் படிப்புக்குப் போக விரும்பினால் 35 வயது வரம்பு அவருக்கு இல்லை. துணைச் செவிலியருக்கும் பெண் சுகாதாரப் பார்வையாளருக்கும் வயதுத் தடை கிடையாது என்று கவுன்சில் விதியே விலக்கு அளித்திருக்கிறது.